ஒன்பது மடங்கில் வாங்கியது

கைதட்டாதீர்கள், சார். தட்டினால் மைக்கில் கவிதை படிக்கிற அவர் இன்னும் நான்கு வரி படிப்பார். அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வகையைத் தெரியும். பத்துப் பங்கு வைத்திருப்பார். சென்னையில் எந்தக் கம்பெனி பங்குதாரர் கூட்டம் நடத்தினாலும் முதல் வரிசையில் இருப்பார். தலைவரைப் பாரி என்பார், ஓரி என்பார். போன வருடம் பொட்டலத்தில் முந்திரி பக்கோடா இருந்தது, இந்த வருடம் இல்லையே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டு இறங்குவார். லாபம் எங்கே போயிற்று என்று மட்டும் கேட்கமாட்டார்.

பங்கைக் கொடுத்துவிடலாமா, வைத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். யாரிடமும் கேட்காமல் நேராக என்னிடம் வந்து கேட்டீர்களே, அதுவரையில் நல்லது. நான் திருச்சியில் மகளிர் கல்லூரியில் வணிகவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மங்கையர்க்கரசி என்று பெயர். சாதாரணமாகப் பேசினாலும் பாடம் நடத்துவதுபோல் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். அரைகுறை வாக்கியம் பேசி எனக்குப் பழக்கமில்லை.

இந்தக் கம்பெனியில் எனக்கு ஒரு பங்குகூடக் கிடையாது. எல்லாம் என் தங்கை திலகவதியுடையவை. அதோ, கடைசி வரிசையில், தூணை ஒட்டி, நீல நூல்புடவை. அங்கே மின்விசிறி இருக்கிறது என்று போய் உட்கார்ந்துகொண்டாள். இங்கேயும்தான் இருக்கிறது.

வாகீசன் செக்யூரிட்டீஸ் என்ன தொழில் செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்கு வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் நின்று கமிஷன் வாங்குவது. தரகு. அதில் இழிவு ஒன்றும் இல்லை. இப்போது வாகீசன் குடும்பத்தார், உங்களையும் என் தங்கையையும் போன்ற சிறு பங்குதாரர்களிடமிருந்து எல்லாவற்றையும் தாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். பங்குக்கு நாற்பத்தெட்டு ரூபாய். இன்று கடைசி நாள். அந்த மூலையில் மேசை போட்டிருக்கிறார்களே, அங்கே படிவத்தைக் கொடுக்க வேண்டும். எங்கள் டோக்கன் எண் எழுபத்தொன்று. இப்போதுதான் ஐம்பது நடக்கிறது. அவகாசம் இருக்கிறது. ஆதியிலிருந்தே சொல்கிறேன்.

விலை வருவாய் விகிதம் என்று ஒன்று உண்டு. உங்கள் செய்தித்தாளில் பி.இ. என்று போட்டிருப்பான். ஒரு பங்கின் விலையை, அந்தப் பங்குக்கு ஓராண்டில் கிடைத்த லாபத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு ரூபாய் லாபத்தைக் கைப்பற்ற நீங்கள் எத்தனை ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று அது சொல்லும். இரும்பு விற்றாலும் சரி, சோப்பு விற்றாலும் சரி, தரகு செய்தாலும் சரி, அளவுகோல் ஒன்றுதான். முழக்கோல் பட்டுக்கு ஒரு நீளமும் கதருக்கு ஒரு நீளமுமா காட்டுகிறது? இதை முப்பத்துநான்கு ஆண்டுகள் நடத்தினேன். ஒரு மாணவியும் எதிர்த்துக் கேட்டதில்லை. ஒருத்தியைத் தவிர. அவளைப் பற்றிப் பிறகு.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் திலகவதியின் கணவர் சபாபதி காலமானார். பெல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். நல்ல மனிதர்; அதிகம் படிக்காதவர். பணிக்கொடை, சேமநிதி என்று ஒரு தொகை வந்தது. அது என்ன செய்ய வேண்டிய தொகை என்பதில் திலகவதிக்குச் சந்தேகமே இல்லை. உறையூரில் அவள் குடியிருந்த வீட்டை வாங்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாடகை வீட்டில்தான் இருந்தாள். வீட்டுக்காரர் ஹபிபுல்லா ராவுத்தர், "விக்கிறதுன்னா முதல்ல உங்களுக்குத்தாம்மா" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். குழாயடியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், அடுப்பு மேடையைக் கிழக்கே தள்ள வேண்டும் என்று அவள் கொத்தனாரையே கூட்டி வந்து காட்டிவிட்டாள். ராவுத்தர் ஹஜ் போகவிருந்தார். திரும்பி வந்து பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

ஏழெட்டு மாதம் இருந்தது. அந்தத் தொகை வங்கியில் சேமிப்புக் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வணிகவியல் பேராசிரியை சும்மா இருக்க முடியுமா?

வாகீசன் பங்கின் விலை அப்போது இருநூற்று எழுபது. பங்குக்கு முப்பது ரூபாய் லாபம். வகுத்துப் பாருங்கள். ஒன்பது. முந்தைய பத்து ஆண்டுகளின் சராசரி எவ்வளவு தெரியுமா? பதினெட்டு. நானே கணக்கிட்டேன், ஆண்டறிக்கைகளை வரவழைத்து, ஒவ்வோர் ஆண்டாக. பதினெட்டுக்கு விற்க வேண்டியது ஒன்பதுக்குக் கிடைக்கிறது. பாதி விலை. ஒரு புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கொடுத்தால் நீங்கள் யோசிப்பீர்களா?

திலகவதி யோசித்தாள். "அக்கா, வீட்டுக் காசு" என்றாள். வீட்டுக் காசு என்றால் அதற்கு வட்டி வேறா, வகுத்தல் வேறா? நான் சொன்னேன், "இதை விட்டால் அடுப்பு மேடை மட்டும்தான் கட்டுவாய். இதில் போட்டால் மாடியும் கட்டுவாய்." அவள் வங்கிப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பிறகு, "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். சிறு வயதிலிருந்து அப்படித்தான். அதில் எனக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. உண்மை அது.

நான் எவ்வளவு போட்டேன் என்று கேட்கிறீர்கள். நான் போடவில்லை. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, அஞ்சலகத்தில் வைப்பு இருக்கிறது. தேவை இருக்கிறவர்தான் துணிய வேண்டும். தேவை இல்லாதவள் துணிவது சூதாட்டம்.

இப்போது அந்த மாணவி. ரெஜினா என்று பெயர். தில்லைநகரில் வாகீசன் கம்பெனியின் கிளைக்கு அவள்தான் மேலாளர். கணக்குத் தொடங்க நாங்கள் அவளிடம்தான் போனோம். எழுந்து நின்றாள், காபி வரவழைத்தாள், எல்லாம் முறையாகத்தான் செய்தாள். எந்தப் பங்கு என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"மேடம், எங்க கம்பெனிப் பங்கா? வேணாமே."

"உன் கம்பெனியை நீயே நம்பவில்லையா?" என்றேன்.

"நம்பறதால சம்பளம் வாங்குறேன் மேடம். ஆனா இந்த ஒன்பது பொய் ஒன்பது. இப்ப ஊரே ஷேர் வாங்குது. பால்காரர் வாங்குறாரு, எங்க பாதிரியார் வாங்குறாரு. ஒவ்வொரு கைமாத்தத்துக்கும் எங்களுக்குக் கமிஷன். லாபம் பொங்குது. அதனால விகிதம் சின்னதாத் தெரியுது. சமயபுரத்துல பூச்சொரிதல் வாரத்துல தேங்காய்க் கடைக்காரர் கல்லாவைப் பார்த்துட்டு, வருஷம் பூரா இப்படித்தான்னு கடையை விலை பேசுற மாதிரி இருக்கு மேடம் இது."

"அப்படியானால் என் சராசரி பதினெட்டு?"

"அந்தப் பதினெட்டு எந்த வருஷத்துல இருந்துச்சு மேடம், சொல்லுங்க. ஒரு வருஷம் நாப்பது, ஒரு வருஷம் ஏழு. பதினெட்டுன்னு ஒரு வருஷம் இருந்ததே இல்லையே. சந்தை படுத்துட்டா ஒருத்தரும் எங்க வாசப்படி மிதிக்க மாட்டாங்க. லாபம் வத்தும். விலை பாதியானாலும் விகிதம் ரெண்டு மடங்காத் தெரியும். புரோக்கர் கம்பெனியைப் பொறுத்தவரைக்கும் விகிதம் குறைஞ்சா ஓடணும், கூடுனா உட்காரணும்."

சார், இவள் இறுதியாண்டுத் தேர்விலும் இதையேதான் எழுதினாள். 'விகிதத்தின் வரம்புகளை விவரி' என்று கேட்டிருந்தேன். நான் ஐந்து வரம்புகள் நடத்தியிருந்தேன். இவள் அவற்றை விட்டுவிட்டு, தொழில் ஏறி இறங்குகிற கம்பெனிகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்தாள். பத்துக்கு மூன்று போட்டேன். அதை அன்று நினைவுபடுத்தினேன். சிரித்துக்கொண்டே, "ஞாபகம் இருக்கு மேடம்" என்றாள். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. தேங்காய்க் கடை ஒரு வாதம் ஆகுமா? உவமை வாதம் ஆகாது.

வாங்கினோம்.

ராவுத்தர் ஹஜ் முடித்துத் திரும்பியபோது விலை நூற்றிருபது. சந்தை முழுவதும் விழுந்திருந்தது. எங்கள் பங்கு மட்டும் என்று சொல்ல முடியாது. நான் கணக்கிட்டேன். கடைசி நான்கு காலாண்டுகளின் லாபத்தை வைத்து விகிதம் ஐந்துக்கு வந்துவிட்டது. ஒன்பதில் மலிவு என்றால் ஐந்தில் அதைவிட மலிவு. இந்த நேரத்திலா விற்பது? ராவுத்தரிடம் நானே போய்ப் பேசினேன். அவருக்கு விகிதத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "படிச்சவங்க சொல்றீங்க" என்று இரண்டு மாதம் தவணை கொடுத்தார். அதற்குப் பிறகும் ஒரு மாதம் இருந்தார். அப்புறம் அவருக்கும் மகள் கல்யாணம் வந்துவிட்டது. வீட்டை ஓர் அரிசி மண்டிக்காரருக்குக் கொடுத்தார்.

திலகவதி அழவில்லை. சாமானைக் கட்டினாள். நான்தான் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பின்னறையைக் கொடுத்தேன். காற்று குறைவு, ஆனால் சமையலறைக்குப் பக்கம். அவள் வந்ததும் சமையற்காரியை நிறுத்திவிட்டேன். இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் மூன்றாவது ஆள் எதற்கு? ஓர் ஆதரவற்ற பெண்ணுக்கு உடன்பிறந்தவள் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும், சொல்லுங்கள். குறை வைக்கவில்லை. ஒரு நாளும் குறை வைக்கவில்லை.

ஆனால் பேச்சு நின்றுவிட்டது. பேசாமல் இல்லை; பால் தீர்ந்துவிட்டது, மழை வரும்போல் இருக்கிறது, கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும். இவ்வளவுதான். நானோ மறைக்கிறவள் அல்ல. அவளுடைய முதலீடு எந்த நிலையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் வரைபடத் தாள் ஒட்டினேன். தினமும் மாலையில், அவள் காய் நறுக்கும்போது, அன்றைய விலையையும் விகிதத்தையும் வாசித்துப் புள்ளி வைப்பேன். ஐந்து ஆண்டுகள். ஊரில் இருந்தால் ஒரு நாள் தவறியதில்லை.

அந்தக் கோட்டை நீங்கள் பார்க்க வேண்டும், சார். முதலில் சரிந்தது. பிறகு, விலை இறங்க இறங்க, விகிதம் ஏறத் தொடங்கியது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. விலை இறங்கியதைவிட லாபம் வேகமாக இறங்கினால் அப்படித்தான் ஆகும். ஒன்பது, ஐந்து, பதினொன்று, இருபத்திரண்டு. ஓர் ஆண்டு கம்பெனிக்கு நஷ்டம். நஷ்டத்தால் விலையை வகுத்தால் வருகிற எண்ணுக்குப் பொருள் கிடையாது. அந்த ஆண்டு தாளில் வெற்றிடம் விட்டேன். விலையை மட்டும் வாசித்தேன். பிறகு சிறிது லாபம் வந்தது. இப்போது பங்குக்கு ஒரு ரூபாய்.

நாற்பத்தெட்டை ஒன்றால் வகுத்தால் எவ்வளவு?

அதைத்தான் இவர்கள் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டு மடங்கு. இந்தக் கம்பெனியின் வரலாற்றில் இவ்வளவு உயர்ந்த விகிதத்தை நான் கண்டதில்லை. வாகீசன் பிள்ளைகள் வெளிநாட்டில் படித்தார்களாம். படித்து என்ன பயன்? பதினெட்டு மடங்குக்கு மேல் பெறாத பொருளுக்கு நாற்பத்தெட்டு கொடுக்கிறார்கள். நாங்கள் ஒன்பது மடங்கில் வாங்கியது. நாற்பத்தெட்டு மடங்கில் கொடுக்கிறோம். விலையைப் பார்க்காதீர்கள், சார், விலை பாமரர்கள் பார்ப்பது. விகிதத்தைப் பாருங்கள்.

இதை வீட்டில் சொன்ன அன்றுதான் திலகவதி பல வருடத்துக்குப் பிறகு என் எதிரில் உட்கார்ந்து பேசினாள்.

"விக்க வேணாம் அக்கா."

"ஏன்?"

"ரெஜினா வச்சிருக்கச் சொல்றா. இந்தக் குடும்பம் இப்ப வாங்குறதே அதுக்குத்தானாம். மறுபடி ஊரு ஷேர் வாங்க வர்றப்போ இதே பங்கு ஏறிடுமாம்."

ரெஜினாவை இவள் எப்போது பார்த்தாள் என்று கேட்டேன். கோயிலுக்குப் போகும் வழியில் என்றாள். உறையூருக்கும் தில்லைநகருக்கும் வழி சரிதான். என் வீடு இருப்பது ஆற்றுக்கு அக்கரையில், திருவானைக்காவில். அதை நான் கேட்கவில்லை.

"ஒன்பதில் வாங்கச் சொன்னபோது வேண்டாம் என்றாள், நாற்பத்தெட்டில் கொடுக்கச் சொன்னால் வேண்டாம் என்கிறாள். அவளுக்கு நான் எதைச் சொன்னாலும் வேண்டாம்தான்" என்றேன்.

திலகவதி சுவரில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் ரசத்தை இறக்கினாள். ஒரு வாரம் கழித்துக் காலைக் காபியோடு படிவத்தையும் கொண்டு வந்து வைத்தாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். தர்க்கம் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் செய்யும்.

எழுபதா? அடுத்தது நாங்கள். இருங்கள், அவளை எழுப்பிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். உங்கள் படிவத்தை நீங்களும் எடுத்து வைத்திருங்கள்.

*

இல்லை, ஒன்றும் ஆகவில்லை. முடிந்துவிட்டது. தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள்.

கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றான் அந்த அலுவலன். கணக்குத் தொடங்கியபோது போட்டது ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி. ஐந்து வருடத்தில் கை மாறாதா? தன் முன்னால் இன்னொரு முறை போடச் சொன்னான். சின்னப் பையன்தான், ஆனால் ஒழுங்காகக் கேட்டான்: "உங்க விருப்பத்தோடதானேம்மா குடுக்கறீங்க? வேணாம்னா இப்பவும் எடுத்துக்கலாம்."

திலகவதி பேனாவைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் இருந்தவர்கள் தொண்டையைச் செருமினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

"விருப்பம்னு இதுல அச்சடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. இங்க பாருங்க."

"அப்ப சரி."

போட்டாள். நிறுத்தி, நிதானமாக, கோணலில்லாமல். ஒத்துப்போயிற்று.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நான் இப்படியே கோயம்பேடு போறேன். தஞ்சாவூருக்கு பஸ் இருக்கும்" என்றாள்.

தஞ்சாவூரில் நமக்கு யார் இருக்கிறார்கள்? கேட்டேன். ரெஜினாவுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரீகள் ஒரு மாணவியர் விடுதி நடத்துகிறார்களாம். சமையலுக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம். அறை கொடுப்பார்களாம். காலையில் கிளம்பும்போதே அவள் பை பெரிதாக இருந்தது. ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

"நம் அப்பா தலைமையாசிரியர். அவர் மகள் விடுதியில் சமையலா?" என்றேன். அலுவலன் எதிரில்தான் சொன்னேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"உன் வீட்டுலயும் அதைத்தானே அக்கா செய்யறேன். அங்க சம்பளம் உண்டு."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். சண்டை போடுகிற குரல் இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்தக் குரல்.

அதோடு விட்டிருக்கலாம். படிவத்துக்கு அவன் கொடுத்த ரசீதை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "இதை வித்ததுக்கு ரெஜினா திட்டுவா. வச்சிருந்தா ஏறும்னு எனக்கும் தோணுது. ஆனா இது இருக்கிற வரைக்கும் நீ எங்க இருந்தாலும் போன்ல கூப்பிட்டு வாசிப்ப."

வாசிப்பேன்தான். வாசிக்காமல்? அவளுடைய முதலீடு அல்லவா?

நல்ல விகிதத்தில் விற்றுக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டுக்கு அது போதாது, எனக்கும் தெரியும். உறையூரில் இன்று ஒரு குழாயடிகூட வாங்க முடியாது. ஆனால் அது வீட்டு விலையின் குற்றம். விகிதத்தின் குற்றம் அல்ல. இரண்டையும் குழப்பக் கூடாது.

நீங்கள் ஏன் படிவத்தை மடித்துப் பைக்குள் வைக்கிறீர்கள்? கொடுக்கப்போவதில்லையா? சரி. அது உங்கள் விருப்பம். நான் யாரையும் வற்புறுத்துகிறவள் அல்ல.

இன்றிரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எங்களுக்கு இரண்டு பயணச்சீட்டு. அவளுக்கு முழங்கால் வலி என்று கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்கினேன். நான் மேலே ஏறிக்கொள்வதாக இருந்தேன். ஒன்றை இப்போது ரத்து செய்தால் பாதியாவது திரும்ப வரும். வண்டி புறப்பட்டுவிட்டால் ஒன்றும் வராது. விதி அது.

ரத்து செய்யப்போவதில்லை. கோயம்பேட்டில் தஞ்சாவூர் பஸ் நிரம்பியிருக்கலாம். எழும்பூருக்கு வந்தாலும் வருவாள்.